நீதிபதி மேல் பாய்ந்தவருக்கு 26 முதல் 65 ஆண்டு: சிறை எதற்காக?

நெல்லை வாசு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் கோர்ட்டில் ஒருவர் நீதிபதியின் மேசையைத் தாண்டிப் பாய்ந்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2024 ஜனவரி 3. கிளார்க் கவுண்டி மாவட்ட நீதிமன்றம். நீதிபதி மேரி கே ஹோல்தஸ், வயது 62. எதிரே டியோப்ரா ரெட்டன், வயது 30. ஒருவரைக் கடுமையாகக் காயப்படுத்த முயன்றதை ஒப்புக்கொண்டிருந்தார், அன்று தண்டனை அறிவிப்பு. சிறைக்கு அனுப்பாமல் புரொபேஷனில், அதாவது கண்காணிப்போடு வெளியே, விடுங்கள் என்று அவருடைய வக்கீல் கேட்டார். பழைய வழக்குகளைப் பார்த்த நீதிபதி, இந்த வரலாறு இருக்கும்போது அது முடியாது என்றார். விலங்கு மாட்ட மார்ஷல் (கோர்ட் காவலர்) நகர்ந்ததும் ரெட்டன் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டே ஓடிவந்து மேசையைத் தாண்டி நீதிபதி மேல் விழுந்தார். பிடித்து இழுக்கப் போன மார்ஷலுக்கு நெற்றி கிழிந்தது, தோள்பட்டை விலகியது.

ஐந்து நாள் கழித்து அதே நீதிபதி அவருக்கு 19 முதல் 48 மாதம் சிறை கொடுத்தார். அது பழைய குற்றத்துக்கு. பாய்ந்ததற்குத் தனி வழக்கு நடந்து, டிசம்பரில் நீதிபதி சூசன் ஜான்சன் 26 முதல் 65 ஆண்டு விதித்தார்.

வேறொரு இழையில் இதை ‘மனிதாபிமானமற்ற தண்டனை’ என்று சிலர் எழுதியதால் இங்கே தொடங்குகிறேன். எனக்கு இது சரியான தண்டனை. பாய்வதற்குச் சற்று முன்தான் இந்த மனிதர், நான் சரியாக நடக்கவே முயல்கிறவன் என்று அதே நீதிபதியிடம் சொன்னார். அதை நம்பி வெளியே விட்டிருந்தால் அடுத்த கோபம் யார் மேல் விழுந்திருக்கும்? கேமரா, காவலர், வக்கீல்கள் எல்லாரும் இருக்கும் இடத்திலேயே அடக்க முடியாத கோபம் வீட்டில், தெருவில் எப்படி இருக்கும்? சிறையின் முதல் வேலை இப்படிப்பட்டவரிடமிருந்து மற்றவர்களைக் காப்பது. திருத்துவது அதற்குப் பிறகுதான்.

மீனா கிருஷ்ணன்

வாசு அண்ணா, ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அவருக்கு ஸ்கிசோஃப்ரீனியாவும் பைபோலார் நோயும் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. தாக்கிய சமயத்தில் மருந்து எடுக்கவில்லை என்று அவருடைய வக்கீல் சொன்னார். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, குற்றவாளிதான், ஆனால் மனநோய் உள்ளவர் என்ற வகையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நான் மனநலப் பிரிவில் நர்ஸ். இந்த நோய் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தொடக்கூட மாட்டார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து நின்றுபோய், பயமும் கோபமும் ஒன்றாக ஏறும் சிலரை வார்டில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எதிரே நிற்பது டாக்டரா, அம்மாவா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. கூட்டம் இருக்கிறதே, மாட்டிக்கொள்வோமே என்ற கணக்கு அங்கே ஓடாது. கேமரா முன்னாலேயே பாய்ந்தாரே என்று நீங்கள் சொல்வது, அவர் எவ்வளவு கொடியவர் என்பதைவிட எவ்வளவு நிலைகுலைந்து இருந்தார் என்பதைத்தான் காட்டுகிறது.

ஒருவரும் சாகவில்லை. நீதிபதி ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குக் காயப்படவில்லை. அதற்குக் குறைந்தபட்சமே 26 வருடம் என்றால் எந்த நோக்கத்துக்காக என்று யாராவது சொல்லுங்கள்.

சான்ஹோசே கார்த்தி

இங்க இருக்கறவன்ங்கற முறையில ஒரு விளக்கம். 26 முதல் 65னா, 26 வருஷம் முடிஞ்சாதான் பரோலுக்கு விண்ணப்பிக்கவே முடியும். நம்ம ஊர் மாதிரி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வெளியே வர்ற பரோல் இல்ல, கண்காணிப்போட வெளியே விடறது. கொடுக்கலன்னா 65 வருஷம் வரைக்கும் உள்ளயே. தீர்ப்பு வந்தப்ப அவருக்கு 31. அப்படின்னா சீக்கிரமா வெளிய வந்தாலே 57 வயசு ஆகிடும்.

அப்புறம் அந்த ‘குற்றவாளி, ஆனால் மனநோயாளி’ங்கற வகை. கேக்கறதுக்குச் சலுகை மாதிரி இருக்கும். தண்டனை வருஷத்துல ஒரு நாள் கூட அதனால குறையணும்னு கட்டாயம் இல்ல. தெளிவான மனநிலையில இருக்கறவருக்கு என்ன தண்டனையோ அதையே கொடுக்கலாம். உள்ள போனப்புறம் சிகிச்சை கொடுக்கணும்னு மட்டும் சட்டம் சொல்லுது.

நெல்லை வாசு

மீனா, நோய் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய் இருக்கிறது என்பதாலேயே ஆபத்து குறைந்துவிடுமா? மருந்தை நிறுத்தினால் பாய்வார் என்றால், மருந்தை நிறுத்த முடியாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதானே அதற்கு அர்த்தம்? நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது.

‘ஒருவரும் சாகவில்லை’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. சாகாமல் போனது அவர் விட்டுவைத்ததால் இல்லை, இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுத்ததால். 2005 மார்ச் 11 அட்லாண்டாவை நினைத்துப் பாருங்கள். பாலியல் வன்முறை வழக்கில் விசாரணைக்கு வந்த பிரையன் நிக்கல்ஸ் என்ற கைதி, உடை மாற்றுவதற்காக விலங்கைக் கழற்றிய பெண் காவலரை அடித்து வீழ்த்தித் துப்பாக்கியை எடுத்தார். நீதிபதி ரோலண்ட் பார்ன்ஸ், கோர்ட்டில் சுருக்கெழுத்து எடுக்கும் ஊழியர், வெளியே துரத்தி வந்த காவலர், பிறகு ஒரு மத்திய அரசு அதிகாரி என்று நான்கு பேர். லாஸ் வேகாஸில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?

வக்கீல் துரை

அட்லாண்டா உதாரணத்தைப் பாதியில் விடக் கூடாது, வாசு சார். அந்தக் கைதிக்கு ஏன் உடை மாற்ற விலங்கைக் கழற்றினார்கள்? ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, அதன் முன் ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சிறை உடையில் நிறுத்தக் கூடாது என்று 1976இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடையைப் பார்த்ததுமே இவன் குற்றவாளி என்று ஜூரி முடிவு கட்டிவிடும். 2005இல் டெக் வழக்கில், குற்றம் உறுதியான பிறகு மரண தண்டனையா ஆயுளா என்று ஜூரி முடிவு செய்யும் கட்டத்திலும், தனிக் காரணம் இல்லாமல் சங்கிலியோடு காட்டக் கூடாது என்றார்கள். அந்தத் தீர்ப்பு வந்தது அட்லாண்டா கொலைகள் நடந்து சில வாரங்களில். இரத்தம் காயாத நேரத்திலும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு நான் தலை வணங்குகிறேன்.

ரெட்டன் கதை வேறு. அன்று அவர் காவலில் இல்லை. வெளியில் இருந்து தன் உடையில் நடந்து வந்தவர், அதனால் விலங்கு இல்லை. ஜூரியும் இல்லை, நீதிபதி மட்டும்தான். எனவே பாதுகாப்பில் கோட்டை விட்டது சங்கிலி போடாததில் இல்லை. ‘நீ இப்போதே சிறைக்குப் போகிறாய்’ என்ற செய்தி காதில் விழும் அந்த ஒரு நிமிடத்தில், அவருக்கும் மேசைக்கும் நடுவே போதுமான ஆள் இல்லை. வெளியிலிருந்து வருகிறவருக்குச் சிறை என்று சொல்லும் நிமிடம் எந்த கோர்ட்டிலும் ஆபத்தானது. அதற்கு ஆள் நிறுத்துவது பெரிய சட்டப் பிரச்சினையே இல்லை.

வீடியோ வந்ததும் பலர் இனி எல்லாக் குற்றவாளிகளையும் கூண்டில் அடைத்து விசாரியுங்கள் என்று எழுதினார்கள். ரஷ்யாவில் அப்படித்தான் இரும்புக் கூண்டு வைத்திருந்தார்கள். அது மனிதரை இழிவுபடுத்தும் நடத்தை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

செல்வி ராஜேந்திரன்

நான் முப்பது வருஷத்துக்கு மேல மாவட்ட கோர்ட்டில வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. எல்லாரும் நீதிபதி, நீதிபதின்னே பேசுறீங்க. அந்த வீடியோவை இன்னொரு தரம் போட்டுப் பாருங்க. முதல்ல போய் மல்லுக்கட்டினவங்கள்ல ஒருத்தர் நீதிபதியோட கிளார்க். ஃபைல் எடுத்துக் குடுக்கிற ஆளு. அவருக்கு யாரு பயிற்சி குடுத்தா? அட்லாண்டாவுல செத்துப்போன அம்மா பேசுறதைப் பதிவு பண்ற ஊழியர். அவங்க யாருக்கும் தண்டனை குடுக்கல.

நீதிபதிக்கு மேடை இருக்கு, பின்னாலேயே சேம்பருக்குப் போக வழி இருக்கு. பெஞ்ச் கிளார்க்கும் டவாலியும் தரையில இருக்கோம். தீர்ப்பு சொன்னதும் எதிரி குடும்பமே கத்திக்கிட்டு முன்னால வரும்போது எழுந்து ஓட முடியாம உட்கார்ந்திருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குள்ள கை வைச்சா சும்மா விடமாட்டாங்கன்னு ஒரு பயம் இருந்தாதான் நாங்க நிம்மதியா வேலை பார்க்க முடியும். 26 வருஷம் அதிகமோ குறைச்சலோ, அந்தச் செய்தி போய்ச் சேரணும்.

மீனா கிருஷ்ணன்

செல்வி அக்கா, நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் தெரியும். வார்டில் அடி வாங்கிய நர்ஸ்களில் நானும் ஒருத்தி. அந்தப் பாதுகாப்பு எனக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பு 26 என்ற எண்ணிலிருந்து வருமா? ரெட்டனைப் போல் நிலைகுலைந்த ஒருவர் அடுத்த வாரம் ஏதோ ஒரு கோர்ட்டில் நிற்கிறார் என்று வையுங்கள். லாஸ் வேகாஸில் 26 வருடம் கொடுத்தார்கள், அதனால் நான் பாயக் கூடாது என்று அவர் நினைப்பாரா? 5 வருடம் கொடுத்திருந்தால் பாய்ந்திருப்பாரா? யோசித்துச் செய்கிறவரைத்தான் தண்டனை தடுக்கும். அவரையும் தண்டனையின் நீளத்தைவிட, மாட்டுவோம் என்ற நிச்சயமே அதிகம் தடுக்கிறது என்பதுதான் இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. கேமரா முன் பாய்ந்தவருக்கு மாட்டுவது நூற்றுக்கு நூறு நிச்சயம். அதுவே தடுக்கவில்லை.

உங்கள் கிளார்க்கைக் காப்பாற்றப் போவது துரை சார் சொன்ன அந்த இரண்டு கூடுதல் ஆட்கள்தான்.

சான்ஹோசே கார்த்தி

ஒரு கணக்கு சொல்றேன். 2005ல முப்பது மாநிலச் சிறைகள்ல இருந்து விடுதலையானவங்களை மத்திய அரசோட புள்ளியியல் துறை அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தது. நூத்துக்கு 77 பேர் மறுபடி கைதாகியிருந்தாங்க. ரெட்டனும் இதுக்கு முன்னால சிறைக்குப் போய் வந்தவர்தான். ஹோல்தஸ் அன்னிக்குச் சொன்னதோட சாரம், இவருக்கு வேற ஒண்ணோட, அதாவது சிறையோட, ருசியைக் காட்டற நேரம் வந்தாச்சுங்கறது. ஆனா அந்த ருசி அவருக்குப் புதுசே இல்லையே. ஒரு தடவை வேலை செய்யாத மருந்தை டோஸ் கூட்டிக் கொடுக்கறோம்.

நெல்லை வாசு

கார்த்தி, அந்த 77 எனக்குத்தான் சாட்சி. சிறை பெரும்பாலானவர்களைத் திருத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சிறையால் நிச்சயம் முடிகிற ஒரே காரியம், உள்ளே இருக்கும் வரை வெளியே இருப்பவரை அவர் தொட முடியாது என்பது. அதை முழுமையாகச் செய்யட்டும்.

வக்கீல் துரை

இருவரும் ஒரே கல்லை இரண்டு பக்கம் இழுக்கிறீர்கள். சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் வைக்கிறேன். இது மத்திய சட்டம், நெவாடா மாநில வழக்குக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் சிந்தனை எந்தப் பக்கம் போனது என்று காட்டும்.

1970கள் வரை அமெரிக்காவில் சிறையைத் திருத்தும் இடமாகவே பேசினார்கள். ஆள் திருந்தியதும் விடலாம் என்பதால் காலவரையைத் தளர்வாக விட்டு, பரோல் குழு கையில் கொடுத்திருந்தார்கள். அந்த நம்பிக்கை உடைந்தது. 1984 தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் சிறைவாசம் ஒருவரைத் திருத்துவதற்கான தகுந்த வழி அல்ல என்று எழுத்திலேயே வைத்தது. மத்திய அளவில் பரோலும் ஒழிந்தது. 2011இல் டேப்பியா வழக்கு. ஒரு பெண் சிறைக்குள் இருக்கும் போதை மறுவாழ்வுத் திட்டத்தில் சேர வசதியாக இருக்கட்டும் என்று கீழ் நீதிபதி தண்டனையை 51 மாதமாக வைத்தார். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: திருத்துவதற்காகச் சிறைக் காலத்தை நீட்டக் கூடாது.

இதை மீனா கவனிக்க வேண்டும். ‘சிகிச்சைக்காக உள்ளே வை’ என்ற வாதம் கருணையாகத் தெரியும். ஆனால் அதே வாதம் ஒருவரை அவர் குற்றத்துக்குரிய காலத்தைத் தாண்டியும் உள்ளே வைக்கும் சாவியாகிவிடும். வாசு சார் மேலே ‘மருந்தை நிறுத்த முடியாத இடம்’ என்று எழுதினாரே, அது சிறைக்கு வக்காலத்து வாங்கும் பேச்சு இல்லை, ஆஸ்பத்திரிக்கானது.

இன்னொன்று. அதே நீதிபதி எப்படித் தண்டனை கொடுக்கலாம், அது பழிவாங்கல் இல்லையா என்று வேறு இழையில் கேட்டார்கள். பழைய குற்றத்துக்கான தண்டனை அன்றே பாதி சொல்லப்பட்டிருந்தது. 8ஆம் தேதி அவர் முதலில் பதிவு செய்ததே, போன வாரம் தடைபட்டபோது கொடுத்துக்கொண்டிருந்த தண்டனையை நான் மாற்றவில்லை என்பதைத்தான். ஒரு நீதிபதியை அடித்து வேறு நீதிபதியை வாங்கலாம் என்று வந்தால் வழக்கு நடத்தவே முடியாது. ஆனால் தன்னை அவமதித்தவரை அவமதிப்புக்காகத் தானே தண்டிக்கக் கூடாது, வேறொருவர் விசாரிக்க வேண்டும் என்பதும் 1971 மேபெரி தீர்ப்பிலிருந்து இருக்கிறது. இங்கே இரண்டும் முறையாக நடந்தன.

மீனா கிருஷ்ணன்

துரை சார், நீங்கள் சொன்ன அந்த 8ஆம் தேதியை நான் மறக்கவே மாட்டேன். கையில் உறை, முகத்தில் துப்பாமலிருக்க மூடி, சுற்றிலும் காவலர்கள். அந்த நிலையில் நிற்கும் ஆளைப் பார்த்து, ஐந்து நாளைக்கு முன் தன் மேல் விழுந்தவரைப் பார்த்து, ஒரு மாதம் கூடக் கூட்டாமல் அதே தண்டனையைச் சொன்னார். எனக்கு அந்த நீதிபதி மேல் பெரிய மரியாதை வந்தது அங்கேதான். கோபத்தைக் கணக்கில் சேர்க்காமல் தண்டிக்க முடியும் என்று அடிபட்டவரே காட்டினார்.

அதனால்தான் டிசம்பர் எண் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒரு ஆளைக் கடுமையாகக் காயப்படுத்த முயன்றதற்கு அதிகபட்சம் நான்கு வருடம். நீதிபதியைத் தாக்கியதற்குக் குறைந்தபட்சமே 26. முதல் வழக்கில் பாதிக்கப்பட்டவரும் மனிதர்தானே?

நெல்லை வாசு

முதல் வழக்கு குறைந்த குற்றச்சாட்டாக மாற்றி ஒப்புக்கொண்டது. இரண்டாவது கொலை முயற்சி உட்படப் பல குற்றங்கள், மார்ஷலைத் தாக்கியதும் சேர்த்து. இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. நீதிபதி என்பதால் உயிர் உசத்தி என்றும் நான் சொல்லவில்லை. நீதிபதி பயந்தால், அடுத்து அந்த மேசைக்கு முன் வரும் சாதாரண ஆளுக்கு நியாயம் கிடைக்காது. அடிபட்டது அந்த அம்மா மட்டும் இல்லை.

சான்ஹோசே கார்த்தி

வாசு அண்ணே, கொலை முயற்சின்னா கொல்லணும்ங்கற எண்ணம் வேணும். தண்டனை அன்னிக்கும் அவர், நான் கெட்டவன் இல்ல, கொல்ற எண்ணம் எனக்கு இல்லன்னுதான் சொன்னார்.

சரி, உங்க பாதுகாப்பு வாதத்தையே எடுத்துக்குவோம். நார்வேல 77 பேரைக் கொன்ன பிரெய்விக்குக்கு என்ன கொடுத்தாங்க? 21 வருஷத் தடுப்புக் காவல், அதுல குறைந்தபட்சம் 10. பத்து வருஷம் முடிஞ்சதும் கேட்டார். 2022ல விசாரிச்சாங்க. கோர்ட்டுக்குள்ளயே நாஜி சல்யூட் அடிச்சார். இன்னும் ஆபத்தானவர்னு முடியாதுன்னுட்டாங்க. 21 முடிஞ்சாலும், ஆபத்து இருக்கற வரைக்கும் அஞ்சஞ்சு வருஷமா நீட்டலாம், சாகற வரைக்கும் கூட. ஆக நார்வே யாருக்கும் இளிச்சவாய் இல்ல. ஆனா 77 பேரைக் கொன்னவரை பத்து வருஷத்துல ஒரு தடவை உட்கார வச்சு ‘நீ இப்ப யாரு?’ன்னு கேட்டாங்க. ஒருத்தரையும் கொல்லாத ரெட்டனை 26 வருஷம் வரைக்கும் யாரும் கேக்கப் போறதில்ல. நாப்பது வயசுல அவர் எப்படி இருப்பார்னு 31 வயசுலயே முடிவு பண்ணியாச்சு. வயசாக ஆக வன்முறை குறையும்ங்கறது எல்லா நாட்டுக் கணக்குலயும் தெரியற விஷயம்.

நெல்லை வாசு

இது நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன். பத்து வருடத்தில் ஒரு முறை கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கேட்கிற குழு நார்வே அளவுக்குப் பொறுப்பாகக் கேட்டால். ஆனால் பத்து வருடத்துக்குள் பரோல் அதிகாரி மாறுவார், ஃபைல் மாறும், சிறையில் இடம் இல்லை என்று நெருக்கடி வரும். கலிஃபோர்னியாவில் சிறைகள் நிரம்பி வழிந்து 2011இல் உச்ச நீதிமன்றமே கைதிகளைக் குறைக்கச் சொன்னது. அப்படி ஒரு நெருக்கடியில் ஆபத்தானவரும் வெளியே வந்துவிடலாம். குறைந்தபட்சத்தை நீதிபதி எழுதி வைப்பது அதற்கு ஒரு பூட்டு.

வக்கீல் துரை

அந்த 2011 தீர்ப்பு ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா சிறைகளில் மனநோயாளிகளுக்கும் உடல்நோயாளிகளுக்கும் கிடைத்த மருத்துவம் அவ்வளவு மோசம். கைதிக்கு மருத்துவம் தராமல் அலட்சியமாக இருப்பது கொடூரத் தண்டனை என்று 1976இலேயே சொல்லியும் நிலைமை அதுதான். சிறைகளின் கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதே அங்கே கிடைத்த நிவாரணம். அதாவது நிவாரணத்துக்குப் பிறகும் நிரம்பி வழியலாம். ரெட்டனுக்கு உள்ளே சிகிச்சை உண்டு என்று காகிதத்தில் எழுதியிருப்பதை நம்பி 26 வருடத்தைக் கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மீனா கிருஷ்ணன்

1955இல் அமெரிக்க அரசு மனநல ஆஸ்பத்திரிகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அவற்றில் பல மனிதர் இருக்க முடியாத இடங்கள், மூடியது தவறில்லை. மூடிவிட்டு ஊருக்குள்ளேயே சிகிச்சை தருவோம் என்று சொன்னதைச் செய்யவில்லை. படுக்கைகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயின. இன்று லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சிறைதான் நாட்டின் மிகப் பெரிய மனநலக் காப்பிடங்களில் ஒன்று என்று அவர்களே சொல்கிறார்கள். வாசு அண்ணா கேட்கும் ‘மருந்தை நிறுத்த முடியாத இடம்’ இல்லாததால்தான் சிறை அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது, மோசமாகச் செய்கிறது.

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1997இல் ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் மனநல நீதிமன்றம் தொடங்கினார்கள். மருந்து எடுக்கிறாரா, டாக்டரைப் பார்க்கிறாரா என்று நீதிபதியே தொடர்ந்து அழைத்துக் கேட்பார். லாஸ் வேகாஸிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

நெல்லை வாசு

அது ஜனவரி 3க்கு முன்னால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அதில் உங்களோடு நிற்கிறேன். பாய்ந்த பிறகு, மார்ஷல் தோள் விலகிக் கிடந்த பிறகு, அதே கதவைத் திறந்து ‘வா’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாரும் 26 அதிகம் என்கிறீர்கள். அப்படியானால் எத்தனை? எண்ணைச் சொல்லுங்கள்.

சான்ஹோசே கார்த்தி

குறைந்தபட்சம் 8. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் அறிக்கையோட விசாரணை.

வக்கீல் துரை

ஃபைலைப் படிக்காமல் எண் சொல்ல மாட்டேன். வக்கீலாக இருந்து அந்தப் பழக்கம் வந்துவிட்டது. குறைந்தபட்சம் 26 என்பதை மேல்முறையீட்டில் நான் எதிர்ப்பேன் என்று மட்டும் சொல்லலாம்.

செல்வி ராஜேந்திரன்

எனக்குப் பத்து போதும், கார்த்தி தம்பி சொல்ற மாதிரி நடுவுல கேக்கட்டும். ஆனா ஒண்ணு. அந்த விசாரணை நடக்கும்போது அந்த மார்ஷலையும் கிளார்க்கையும் கூப்பிட்டு உட்கார வச்சு, உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்கணும். மேலே நூறு பேச்சு பேசினோம், அவங்க ரெண்டு பேர்கிட்ட கேக்கணும்னு யாருமே எழுதல.